மிச்சம் வைக்கக் கூடாத மாத்திரை

மலையூரான நாரினின் சந்தையில் குரூத் விற்கும் ஜூராகானுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கையுறையைக் கழற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, விரல் விறைத்துப்போய் வீடு திரும்பியவள். கல்யாணமாகி வந்த வாரமே, மாமியார் பண்டிகைக்கென்று ஒளித்து வைத்திருந்த குதிரை இறைச்சியை வாசலில் வந்து நின்ற யாரோ ஒரு வழிப்போக்கனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். "தனக்கு மிஞ்சித்தாண்டி தானமும் தருமமும்" என்று மாமியார் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். மாமியாரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தப் பாடம் மட்டும் இவள் மண்டையில் ஏறவே இல்லை.

குரூத் என்பது தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த உருண்டை. கடித்தால் பல் போகும். வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் அரை நாள் ஓடும். விற்கிறவள் ருசி பார்க்காமல் இருப்பாளா? ஒன்று கரைவதற்குள் இன்னொன்று ஜூராகானின் கன்னத்துக்குள் போய்விடும். அவ்வளவு உப்பைத் தின்றும் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் எழுந்து போக வேண்டும். போகிற இடமோ சந்தையின் மறுகோடியில், ஆட்டுத்தோல் கடைகளுக்கும் அந்தப் பக்கம். போய் வருவதற்குள் பக்கத்துக் கடை அனார் இவளுடைய வாடிக்கையை எல்லாம் மடக்கிவிடுவாள். அந்த அனார் கடைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் பக்கத்துக்காரி, உயிர்த்தோழி வேறு. வியாபாரம் என்று வந்தால் உயிராவது தோழியாவது. அதனால் ஜூராகான் காலை இறுக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? போன வருஷம் கோடையில் ஆரம்பித்தது. போனால் எரிச்சல், போய்விட்டு வந்தால் மறுபடியும் போகணும், போனால் நாலு சொட்டு. தெருவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஜில்லென்ற கல்லில் உட்கார்ந்ததால் வந்த வினை என்று. இந்த ஊரில் எந்த நோய்க்கும் முதல் குற்றவாளி குளிர்தான். நாய் ரோமத்தில் பின்னிய பட்டையை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டாள். ஆகஸ்ட் மாத வெயிலில் இடுப்பு வெந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மருந்துக்கடையில் போய்க் காதோடு காதாகச் சொன்னாள். கடைக்காரப் பெண் டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு அட்டை ஆன்டிபயாட்டிக் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் போட்டாள். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மீதி மாத்திரை அட்டையில் அப்படியே இருந்தது.

இங்கேதான் ஜூராகானின் கை சும்மா இருக்கவில்லை. நாரினில் ஒரு விருந்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. மிச்ச இறைச்சியும் ரொட்டியும் மிட்டாயும் பையில் கட்டிக் கொடுப்பார்கள். கெஷிக் என்று பெயர். அதை வீட்டிலும் தெருவிலும் ஆளுக்கொரு வாய் பங்கிட்டுத் தின்ன வேண்டும். அப்போதுதான் விருந்தின் பரக்கத், அந்த ஆசி, எல்லோருக்கும் சேரும். தனக்கென்று மூடி வைத்துக்கொள்பவளை ஊர் காறித் துப்பும். ஜூராகானுக்கு மாத்திரை வேறு, மாட்டிறைச்சி வேறு என்று தோன்றவில்லை. தனக்குக் குணமானது பரக்கத். மீதி இருப்பது கெஷிக். அனாருக்கு இரண்டு, எதிர்வீட்டுக்காரிக்கு இரண்டு, ரொட்டி சுடுகிறவளுக்கு ஒன்று. அவர்களுக்கும் எரிச்சல் இருந்தது. அவர்களுக்கும் இரண்டு நாளில் நின்றது. அடுத்த மாதம் எல்லோருக்கும் திரும்பி வந்தது. இந்தத் தடவை அனார் அட்டை வாங்கினாள், அவள் கெஷிக் கொடுத்தாள். இப்படியே அந்தத் தெருவில் நோயும் மாத்திரையும் கைமாறிக் கைமாறி இலையுதிர் காலம் வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஜூராகானின் மகனுக்குப் பெண் அமைந்தது. பெண் கொச்கோர்க்காரி, பெயர் பெர்மெத். டோலோன் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். பெண்ணின் காதில் மாமியார் தோடு போட்டு நிச்சயம் செய்கிற நாளில், ஜூராகானை வீட்டின் தலைமாட்டில், வாசலுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்தவர் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால், விருந்து விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும். கழிப்பறையோ முற்றத்தின் கோடியில். வழியில் ஒரு நாய், யானைக்குட்டி சைஸில்.

ஜூராகான் எழுந்தாள். நாய் குரைத்தது. வந்து உட்கார்ந்தாள். டீ ஊற்றினார்கள். மறுபடி எழுந்தாள். நாய் குரைத்தது. மூன்றாவது தடவைக்கு அப்புறம் எண்ணுவதை விட்டுவிடலாம். பாட்டி முதல் பச்சைக்குழந்தை வரை நாய் குரைக்கிற சத்தத்தை வைத்தே கணக்குத் தெரிந்துகொண்டார்கள். கடைசியில் பெண்ணின் அம்மா கூமுஷ், வெள்ளிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "சம்பந்தியம்மாவுக்கு எங்க டீயைவிட எங்க நாயைத்தான் ரொம்பப் புடிச்சுப்போச்சு போல."

வீடே சிரித்தது. ஜூராகானும் சிரித்தாள். வண்டியில் திரும்பி வரும்போது அழுதாள். வண்டியை ஓட்டியது அவள் புருஷன் மம்பெத். நாரினுக்கும் கொச்கோருக்கும் நடுவில் வேன் ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. நடுவழியில் யாருக்காகவும் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் மலை கோபித்துக்கொள்ளும் என்பான். உண்மையில் நிறுத்தினால் அந்தப் பழைய வண்டி திரும்பக் கிளம்பாது.

"விடு. நாயைத்தானே சொன்னாங்க, உன்னையா சொன்னாங்க?" என்றான்.

"வாயை மூடிட்டு ஓட்டுங்க."

"கல்யாண விருந்துல ஒழுங்கா உக்காந்து காட்டு. எல்லாம் மறந்துருவாங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் அதை நெஞ்சில் முடிந்துகொண்டாள். வசந்த காலத்தில் கல்யாணம். அந்த விருந்தில், அதே தலைமாட்டில், பிரார்த்தனை முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மருமகள் வீட்டாரின் முகத்தில் ஆயுசுக்கும் விழிக்க முடியாது. குளிர்காலம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் பனி உருகத் தொடங்கியபோது எரிச்சல் மறுபடி வந்தது. பழைய மாத்திரையைப் போட்டாள். இந்தத் தடவை அது துளியும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்தது டாக்டர் ஐசுலூ. ஜூராகானைவிடப் பத்து வயது இளையவள், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சிறுநீர் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் ஜூராகான் ராஸ்பெரி ஜாம் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடி ஒன்றில் கொண்டுவந்தாள். விளிம்புவரை தளும்பத் தளும்ப நிறைத்து, பூப்போட்ட துணியில் முடிந்து கொண்டுவந்தாள். ஒருவருக்குப் பாத்திரத்தைப் பாதி நிறைத்துக் கொடுப்பது அவள் பரம்பரையிலேயே கிடையாது.

லேபிலிருந்து வந்த முடிவைப் பார்த்து டாக்டரின் முகம் மாறியது. "அக்கா, உங்களுக்குச் சக்கரை வியாதி இருக்கா?"

"இல்லையே."

"இவ்வளவு சக்கரை இருக்கே."

ஜூராகான் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஜாடியை நல்லாத்தான் அலசினேன் டாக்டரம்மா. மூடியை மட்டும் விட்டுட்டேன் போல. அதுல கொஞ்சம் ஜாம் ஒட்டிட்டு இருந்திருக்கும்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து மறுபடி எடுக்க வைத்தாள். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று பார்த்துச் சொல்ல இரண்டு நாள் ஆனது. போய் உட்கார்ந்ததும் டாக்டர் தாளை மேஜையில் தட்டினாள்.

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போட்டீங்க?"

ஜூராகான் சொன்னாள். எத்தனை போட்டாள், மீதியை என்ன செய்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஓ, அந்த மகராசி நீங்கதானா?" என்றாள் டாக்டர். "உங்க தெருவுலேர்ந்து ஒவ்வொருத்தியா வர்றா. யாருக்கும் சரியாகலை. 'யாரும்மா மாத்திரை குடுத்தது'ன்னு கேட்டா, எல்லாரும் ஒரே பேரைச் சொல்றாங்க. நீங்க என்ன, ஊருக்கே டாக்டரா?"

"கேட்டாங்க, குடுத்தேன். இல்லைன்னா சொல்ல முடியும்?"

"ஓநாயைப் பாதி அடிச்சு விட்டா என்ன ஆகும்?"

மேய்ச்சல்காரர் வீட்டில் பிறந்தவளிடம் இதைக் கேட்பதா? "தப்பிச்சுப் போயி, தந்திரம் கத்துக்கிட்டுத் திரும்ப வரும். குட்டிக்கும் சொல்லிக் குடுக்கும்" என்றாள் ஜூராகான்.

"அதேதான். நீங்க எல்லாரும் பங்கு போட்டு ஆளுக்குப் பாதி அடிச்சு விட்டிருக்கீங்க. இப்ப அந்தப் பழைய மாத்திரையைக் கண்டா உங்க கிருமி சிரிக்குது."

டாக்டர் வேறு மாத்திரை எழுதினாள், மஞ்சள் நிறத்தில். எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது, சொன்ன நாள்வரை காலையும் மாலையும் போட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் உடனே ஓடி வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, டீ மேஜையில் இருந்த ரொட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இது மேல கை வைங்க. ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

ரொட்டி மேல் சத்தியம் செய்து மீறினால் கண் போய்விடும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஜூராகான் கை வைத்துச் சொன்னாள்.

மஞ்சள் மாத்திரை நன்றாக வேலை செய்தது. எரிச்சல் நின்ற அன்றைக்கே, மூக்கில் வியர்த்த மாதிரி அனார் வந்து சேர்ந்தாள்.

"உனக்குச் சரியாயிருச்சாமே" என்று உட்காரும்போதே ஆரம்பித்தாள்.

"ஆமாண்டி."

"எனக்கும் இரண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு." அனார் பார்வை அலமாரி மேல் போனது. "உன்கிட்ட மிச்சம் கிஞ்சம் இருக்குமே."

ஜூராகான் எழுந்து போய் வெண்ணெய் ஒரு கிண்ணம் எடுத்து வந்து கொடுத்தாள். அனார் வாங்கி வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தாள். ஜூராகான் பொரித்த மாவுருண்டை ஒரு பை கொடுத்தாள். அனார் அதையும் வாங்கிக்கொண்டு அலமாரியைப் பார்த்தாள். கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த தலைத்துணி ஒன்றையும் கொடுத்தாள். கடைசியில் அனார் இரண்டு கையும் நிறைந்து, நாடியால் பொட்டலத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திரைடி" என்றாள்.

"டாக்டர்கிட்ட போ. நல்ல பொம்பளை. ஜாடி மட்டும் கொண்டு போகாதே."

"சம்பந்தி வந்ததும் கஞ்சத்தனமும் வந்துருச்சு பாரு" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததில் ஒன்றைக்கூடக் கீழே வைக்காமல் அனார் போனாள். ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கஞ்சம் என்று பெயர் வாங்கிய ஜூராகான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு தண்ணீரை நிறைய ஊற்றி அந்த வேளை மாத்திரையை விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொச்கோரில் பெண் வீட்டில் கல்யாண விருந்து. மீதி மாத்திரையை மேல்சட்டையின் உள்பையில் வைத்து ஊசி குத்திக்கொண்டு போனாள். உள்ளே போவதற்கு முன்னால் அந்த நாயைத் தாண்டிக் கழிப்பறைக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து, தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். டீ வந்தது, குடித்தாள். சூப் வந்தது, குடித்தாள். ஆட்டிறைச்சியில் சம்பந்திக்கென்று ஒதுக்குகிற வால்பக்கத்துத் துண்டு வந்தது. பேசினார்கள், பாடினார்கள், மறுபடி டீ வந்தது. ஜூராகான் மலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் ஆண்கள் வரிசையில் இருந்த மம்பெத் கண்ணைச் சிமிட்டினான். நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். வீட்டுக்காரி கூமுஷ் அடிக்கடி வெளியே போனாள். சமோவரில் டீத்தண்ணீர் கொதிக்கிறதா பார்க்கிறேன் என்று போனாள். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று போனாள். ஆட்டுக்குட்டி எதுவும் கத்தவில்லை. சொந்த வீட்டுக்காரிக்கு நாய் குரைக்குமா? அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்து உட்காரும்போது கீழுதட்டைக் கடிக்கிறாளே, அந்தக் கடியை ஜூராகானுக்குத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்.

கை ஏந்திப் பிரார்த்தனை முடிந்தது. ஜூராகான் ஜெயித்துவிட்டாள். மனசு பொங்க எழுந்து, கெஷிக் கட்டுகிற அறைக்குப் போனாள். கூமுஷ் கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்தாள். வெள்ளிப் பல் தெரியவில்லை.

"சம்பந்தியம்மா, அன்னிக்கு உங்களுக்கு இருந்ததே, அது எனக்கு வந்துருச்சு. நீங்க எப்படிச் சரி பண்ணீங்க? எதாச்சும் மாத்திரை மிச்சம் இருந்தா குடுங்க. உயிர் போகுது."

ஜூராகானின் கை தானாக உள்பைக்குப் போனது. ஊசியைக்கூட எடுத்துவிட்டாள். கேட்பது சம்பந்தி, அதுவும் பெண்ணைக் கொடுத்த சம்பந்தி, அவள் வீட்டிலேயே, அவள் உப்பைத் தின்ற வாய் காய்வதற்குள். இதற்கு இல்லை என்று சொன்னால் பையன் வாழ்க்கை முழுக்கக் குத்திக் காட்டுவார்கள். ரொட்டி ஞாபகம் வந்தது. ஓநாய் ஞாபகம் வந்தது. நாயும் ஞாபகம் வந்தது, அதை மறைப்பானேன்.

அட்டையை எடுத்தாள். மாலை வேளை ஆகியிருந்தது. ஒரு மாத்திரையைப் பிய்த்துக் கூமுஷின் கண் முன்னாலேயே தன் வாயில் போட்டு, பக்கத்தில் இருந்த டீயைக் குடித்து விழுங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தியம்மா" என்றாள் ஜூராகான். "விருந்து முடிஞ்சாத்தானே கெஷிக்? என் விருந்து இன்னும் முடியலை. தட்டுல பாதி இருக்கையில யாராவது எடுத்துக் கட்டுவாங்களா? இதை உங்களுக்குக் குடுத்தா எனக்கும் போகாது, உங்களுக்கும் போகாது. நான் குடுத்துக் குடுத்து ஒரு தெருவையே கெடுத்து வச்சிருக்கேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"காய்ச்சல் இருக்கா? முதுகு வலிக்குதா?"

"இல்லை."

"அப்ப இங்கயே ஆஸ்பத்திரிக்குப் போங்க, காலையில."

"லேப்ல உக்காந்திருக்கறதே என் நாத்தனார்தான். மத்தியானத்துக்குள்ள கொச்கோர் முழுக்கத் தெரிஞ்சுரும்."

ஜூராகான் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப நாளைக்குக் காலையில எங்க வண்டியில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பொண்ணை அனுப்பின மறுநாளே அம்மாக்காரி பின்னாடியே போனா ஊர் என்ன சொல்லும்?"

"சம்பந்தி நேர்ல வந்து அழைச்சா, தட்ட முடியலைன்னு சொல்லுங்க. ஜாடி எதுவும் எடுத்துக்காதீங்க. டப்பா அவங்களே குடுப்பாங்க."

சொன்ன மாதிரியே மறுநாள் வேனில் வந்து, ஊர் பார்க்க வாசலில் நின்று மூன்று முறை அழைத்தாள். கூமுஷ் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, வேண்டாவெறுப்பாக வருகிறவள் மாதிரி வந்து முன்சீட்டில் ஏறினாள்.

கணவாய் ஏறுவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஜூராகான் மம்பெத்தின் முதுகில் தட்டினாள். "நிறுத்துங்க."

"இங்கயா? மலை கோபிச்சுக்கும்" என்றான் மம்பெத்.

"மலையை நான் சமாதானம் பண்ணிக்கறேன். நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான். உச்சியில் மரம் இல்லை, புதர் இல்லை, பனியும் காற்றும்தான். வேனில் ஏறியிருந்த மற்றப் பயணிகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் இருந்தார்கள். ஜூராகான் இறங்கித் தன் கனத்த மேலங்கியைக் கழற்றி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் திரை மாதிரி அகல விரித்துப் பிடித்தாள். காற்று அவளையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த பதில் இப்போது நாக்கு நுனிக்கு வந்தது: சம்பந்தியம்மாவுக்கு எங்க டீயைவிட எங்க கணவாயைத்தான் ரொம்பப் புடிச்சுப்போச்சு போல. இதைவிட நல்ல சமயம் இனி இந்த ஜென்மத்தில் வாய்க்காது.

அங்கிக்கு அந்தப் பக்கம், கீழேயிருந்து கூமுஷின் குரல் வந்தது. "சம்பந்தியம்மா, அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அந்த நாயைப் பத்திச் சொன்னேனே. சொல்லியிருக்கக் கூடாது."

காற்று அங்கியின் ஒரு முனையைப் பிடுங்கியது; ஜூராகான் எட்டிப் பிடித்தாள்.

"எந்த நாய்?" என்று கேட்டுவிட்டு, அங்கியைக் காற்றுக்கு விடாமல் இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.